உன் நல்லதுக்குத்தான்

ஜூன் 12

அம்மா வீட்டிலிருந்து இன்றுதான் திரும்பினேன். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மூட்டுவாதத்தால் வந்த விரல் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. நாளையிலிருந்து பாலிசிக்காரர்களைப் பார்க்கக் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வாசலில் ஸ்கூட்டர் இல்லை.

"வேணுவுக்குக் குடுத்துட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். "இந்தக் கையை வெச்சிகினு இனிமே நீ வண்டி ஓட்ட வேணாம். உன் நல்லதுக்குத்தான் பிரேமா."

வேணு அவருடைய சித்தப்பா மகன். பஜாரில் செல்போன் கடை. வண்டி இவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் அதில் பள்ளிப்பட்டு வரைக்கும் போய் இன்சூரன்ஸ் பிடித்தது நான். என்னிடம் ஒரு வார்த்தை?

அத்தை, அவருடைய அம்மா, உள்ளேயிருந்து சொன்னார்கள்: "எந்தப் புருஷன்மா இப்படிப் பாத்துக்குவான்?"

ஜூன் 14

கே.ஜி.கண்டிகை சுந்தர்சிங் சார் போன் செய்தார். ரிட்டயர்டு வாத்தியார், என் பழைய பாலிசிக்காரர். குரலே ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா, படுத்த படுக்கையா இருக்கீங்களாமே? உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. இனிமே வேற ஏஜென்ட் வருவாங்கன்னாரு. தினமும் ஜெபத்துல உங்களை நினைச்சிக்கறோம்."

நான் அப்போது நின்றுகொண்டு புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் என் போனிலிருந்து நம்பர்களை எடுத்து எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். கேட்டால், "உனக்கு எதுக்கு அலைச்சல்?"

யார் அலைகிறேன் என்றார்கள்? அது என் வேலை. என் வேலைய்யா.

ஜூன் 15

ஞாயிறு. வாரம் ஒரு முறை போடுகிற மூட்டு மாத்திரை நாள். நாளைக்கெல்லாம் குமட்டும். அது பரவாயில்லை, பழகிவிட்டது. மற்றதுதான் பழகவில்லை.

ஜூன் 19

கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் என் இலையில் சோற்றைப் பிசைந்து வைக்கிறார். "வத்தக்குழம்பு வேணாம், அவளுக்கு ஆகாது" என்று பரிமாறுகிறவனை அனுப்பிவிட்டார். எனக்கு வத்தக்குழம்பு ஆகும். மூட்டுக்குத்தான் நோய், வாய்க்கு இல்லை.

எதிர்வரிசைப் பெண்கள் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவரை. ஒருத்தி அவரிடமே கேட்டாள்: "அக்காவுக்கு ராத்திரியில தூக்கம் வருதுங்களா?" நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்!

இலையை அப்படியே அவர் வேட்டியில் கவிழ்க்கலாம் என்று தோன்றியது. விரல் எவ்வளவு வீங்கியிருந்தாலும் அதற்கு முடியும்.

ஒரு நாள் இதை உங்களுக்கு ஊட்டிவிடுகிறேன், இருங்கள்.

ஜூன் 27

தன் உரக்கடையில் மூட்டை தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம், சில வாரம் ஓய்வு எடுத்தால் போதுமாம்.

இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 28

ஆரம்பித்துவிட்டேன்.

அவர் போனை நான் வைத்துக்கொண்டேன். கடைக்கு உரம் கேட்டு வந்த அழைப்புகளுக்கெல்லாம் ஒரே பதில்: "அவரால இனிமே முடியாதுங்க. பாவம்." 'பாவம்' என்பதை அவர் காதில் விழும்படி கொஞ்சம் இழுத்தேன்.

வேணு பார்க்க வந்தான். "எப்படிண்ணா கீது?" அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "ரொம்ப வலி வேணு. அவரைப் பேச வைக்காதே" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லடா" என்றார்.

"பாத்தியா, இப்படித்தான் வீம்புக்குச் சொல்றாரு" என்றேன். வேணு தலையாட்டினான். அத்தையும் தலையாட்டினார்கள்.

இட்லியைப் பிய்த்து ஊட்டினேன். காலையில் என் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொரு விள்ளலுக்கும் சுண்டி இழுத்தது. விடவில்லை.

ஜூலை 1

இன்று வேணு கடைக்குப் போனேன். அவருடைய பைக் மீது அவனுக்கு எப்போதும் ஒரு கண். சாவியை மேஜைமேல் வைத்தேன்.

"பைக்கை எடுத்துக்கோ. ஸ்கூட்டரைக் குடு."

"அண்ணா சொன்னாரா அண்ணி?"

"ஸ்கூட்டரைக் குடுக்கும்போது நான் சொன்னேனா?"

ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தான். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். இறுக்கம்தான். நேராக மெக்கானிக்கிடம் விட்டேன். பிரேக் பிடியை விரலுக்குக் கிட்டே நகர்த்தி, கம்பியைத் தளர்த்தி, கைப்பிடியில் தடியாக ரப்பர் போட்டுக் கொடுத்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஜூலை 3

"யாரைக் கேட்டு என் பைக்கைக் குடுத்த?" வீடே அதிரக் கத்தினார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

"இந்த இடுப்பை வெச்சிகினு இனிமே பைக் எதுக்குங்க? உங்க நல்லதுக்குத்தான்."

அத்தை எனக்காகப் பரிந்து வந்தார்கள். "ஏன் நைனா அவமேல எரிஞ்சி விழற? கையில அவ்ளோ நோவை வெச்சிகினு உன்னைக் கொழந்தை மாதிரி பாத்துக்கறா. எவ செய்வா?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 6

ரசஞ்சோறு பிசைந்து கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் இன்னா கொழந்தையா?"

இனித்தது. உள்ளங்கால் வரைக்கும் இனித்தது.

"நானு?" என்றேன்.

அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ரயில்வே கேட்டாண்ட உன்னைப் பாத்தேன். பிரேக் புடிக்க முடியாம ரெண்டு காலையும் தரையில தேச்சிகினு வந்து நின்ன. முன்னால லாரி. எனக்கு உசிரே போயிடுச்சி. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்."

எனக்குத் தெரியாது, அவர் அங்கே இருந்தார் என்று.

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. பிரேக்கைச் சரி பண்ணுன்னு சொல்லியிருக்கலாம். வேணுகிட்ட எதுக்குச் சொன்னீங்க? சுந்தர்சிங் சார்கிட்ட எதுக்குச் சொன்னீங்க? நான் செத்துட்டேனா?"

கத்திவிட்டேன். தட்டு சாய்ந்து ரசம் பாயில் கொட்டியது. அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, தட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே சாப்பிட்டார். இருவரும் அழவில்லை. அவர் அழுதிருந்தால் அத்தோடு மன்னித்து விட்டிருப்பேன். போனை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 9

கே.ஜி.கண்டிகை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினேன். சுந்தர்சிங் சார் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆண்டவரே!" என்றார்.

"நான்தான் சார். மக பேருக்குப் பாலிசி போடணும்னீங்களே?"

போட்டார்.

ஜூலை 22

அவர் இன்று கடைக்குப் போகத் தொடங்கினார். பைக் வேணுவிடம். ஆட்டோவுக்குச் சொல்கிறேன் என்றார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பி நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார்.

குறுக்குச் சந்து இருக்கிறது. நான் பஜார் வழியாகப் போனேன். இடுப்பு அதிரக் கூடாதல்லவா, அதனால் மெதுவாக. ஆங், அதனால்தான்! பூக்கடை, பாத்திரக்கடை, வேணு கடை, எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

இறங்கும்போது, "பிரேக் நல்லா புடிக்குது" என்றார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டேன். கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆகஸ்ட் 13

ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. ஊருக்குள் காவடிக் கூட்டம். வலி ஏறியிருக்கிறது. காலையில் எழுந்து கைவிரலை மடக்கவே வெந்நீர் தேவைப்பட்டது. பல் தேய்ப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் பாத்ரூம் வாசலில் வந்து நின்றார். "ஏதாவது பண்ணட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போய்விட்டார்.

மலைக் கோயிலுக்கு வந்த அவருடைய பெரியம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் பேச்சு கேட்டது.

"ஏன்டா மோகனு, உம் பொண்டாட்டிக்கு இப்போ எப்படிக் கீது? வேலையெல்லாம் வுட்டுட்டாளா?"

நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லப்போகிறார் என்று.

பேப்பரைப் புரட்டுகிற சத்தம்.

"உள்ளதான் இருக்கா பெரிம்மா. அவளையே கேளு."

அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"இன்னிக்கு ரொம்ப வலிக்குது பெரிம்மா" என்றேன். "நாளைக்குப் பள்ளிப்பட்டு போகணும். முடிஞ்சா போவேன்."