சூளையில் குறைந்த ஆறு மணி நேரம்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

போடி மருத்துவமனையில் பாண்டீஸ்வரனைப் பார்த்து வந்தேன். ஏலக்காய் வணிகர், நான் மேடையில் பேசும் கூட்டங்களில் முதல் வரிசையை விட்டுக்கொடுக்காதவர். சென்ற மாதம்தான் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வாங்கினார். குண்டுகளை உள்ளே செருகி, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டிருக்கிறார். விசையைத் தொடவே இல்லையாம். வெடித்துத் தொடையைத் துளைத்துவிட்டது. மீண்டும் நடப்பாரா என்று சொல்ல ஒரு வாரமாகும் என்றனர்.

அவர் மனைவி அய்யம்மாள் அழுகையினூடே சொன்னது: "திருடனுக்குப் பயந்து வாங்குனாகம்மா. திருடனே வந்திருந்தாலும் இவுகளச் சுட்டிருக்க மாட்டான்."

பிப்ரவரி 7, வெள்ளி

துப்பாக்கிக் கடைக்காரர் காரணத்தைப் படம் போட்டு விளக்கினார். சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் நகத்தளவுக் கொக்கி ஒன்று. அதன் முனை பொரிந்து உதிர்ந்திருக்கிறது. எஃகுக் கட்டியைக் கடைந்து செய்ததன்று. உலோகத் தூளைப் பிசினோடு குழைத்து, அச்சில் திணித்து, சூளையில் சுட்டெடுத்ததாம். உயிரைக் காக்கும் கருவிக்குப் பணியாரம் சுடும் முறையா? கேட்கக் கேட்க உடல் எரிந்தது. ஞாயிறன்று தேனிக் கூட்டத்தில் இதுவே என் பொருள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பேசினேன். "கடைந்தெடுத்த எஃகு காவல் நிற்கும், குழைத்தெடுத்த தூளோ கொலைக்குத் துணை நிற்கும்!" கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

தம்பி ஜெபராஜ் மட்டும் பாதியிலேயே எழுந்து போனான். வீட்டிற்கு உண்ணவும் வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஐந்து முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவன் பட்டறைக்கே போனேன். நீரிறைக்கும் பொறிகளுக்கு உறுப்புகள் செய்கிறான் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன். கேட்டதில்லை.

"மேடையில நீ கிழிச்சது என்னையத்தான்க்கா. அந்தக் கொக்கி எம் பட்டறையில செஞ்சது. வெளிய சொல்லக்கூடாதுன்னு துப்பாக்கிக் கம்பெனி எழுதி வாங்கிருக்கு."

அப்படியும் என் வாய் நிற்கவில்லை. "தூளை நம்பலாமா?" என்றேன். சிரித்தான், சினத்தில் வரும் சிரிப்பு.

"தூளு என்னக்கா பாவம் பண்ணுச்சு? ஒழுங்கா வெந்துச்சுன்னா அந்த வேலைக்குக் கடைஞ்ச பார்ட்டுக்கு எளைச்சது இல்ல. கடைஞ்சதையும் பதமாச் சூடேத்தலேன்னா முனை போயிரும். ரெண்டு வருசமா ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. அந்த ஒரு பேட்ச்தான்."

சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்ப்பது அவன் வழக்கமாம். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே வேகவில்லை. தட்டு முழுதும் கழிவு. வெளிப்பளபளப்பை நம்பக் கூடாது. அன்று மட்டும் உடைக்கவில்லை. பதினெட்டு மணி நேரம் எரிய வேண்டிய சூளையைப் பன்னிரண்டில் அணைத்திருக்கிறான்.

"ஏன்?"

"அக்டோபர்ல சர்ச் அசன விருந்து. சாப்பாட்டுக்கு முன்ன நீ பேசுன. ஏலே, எங்கக்கா பேசுது, எல்லாரும் கெளம்புங்கன்னு பட்டறையையே கூட்டிட்டு வந்துட்டேன்."

அன்று நான் எதைப் பற்றிப் பேசினேன்? நினைவில்லை. எவ்வளவு முயன்றும் நினைவில்லை.

பிப்ரவரி 12, புதன்

அந்தச் சூளையில் வெந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று பாண்டீஸ்வரனைச் சாய்த்தது. மற்றவை எவர் இடுப்பில், எந்த வீட்டு அலமாரியில்?

நிறுவனத்துக்கு எழுது என்றேன். பதினோரு பேர் பிழைப்பு போய்விடும் என்கிறான். நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிட்டேன். எந்தம்பிய நானே காட்டிக் குடுக்கவா? கூடப் பொறந்தவ செய்ற வேலையா இது?

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் அவனே வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. "எழுதிருவோம்க்கா."

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "அறம், மானம், கண்ணீர் எல்லாம் இருக்கு. பேட்ச் நம்பர் எங்கக்கா?"

அவன் எழுதியது நான்கு வரி. அதுவே நிறுவனத்துக்குப் போயிற்று.

மார்ச் 3, திங்கள்

ஒப்பந்தம் முறிந்தது. விற்காதவற்றைக் கழித்துவிட்டார்கள், விற்றவற்றின் உரிமையாளர்களுக்கு மடல் போயிருக்கிறது. பதினோரு பேரில் நால்வர் திருப்பூர் போய்விட்டனர்.

பாண்டீஸ்வரன் ஊன்றுகோலோடு நடக்கிறார். நடந்ததைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம் பக்கத்தில் இன்னும் ஒருவர் மட்டும் மடலைப் பொருட்படுத்தவில்லையாம்: ஓடைப்பட்டி அழகர். கடைக்காரர் அவரிடம் இசைவு கேட்டு முகவரி தந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

அழகர் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்றிருந்தார். "அட, மேடையில பேசுற அம்மாவா! வாங்க, வாங்க. அந்தக் கடுதாசிக்கா வந்தீக? என் துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு."

பேருந்தில் வரும்போது கோத்து வைத்த சொற்றொடர்களில் ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? தண்ணி குடிங்க."

குடித்தேன். "அதிலுள்ள கொக்கியை என் தம்பி செய்தான். அரைவேக்காடு. உங்களைச் சுட்டுவிடும். குண்டு போடாதீர்கள், ஐயா."

"நாளைக்கே கடையில ஒப்படைச்சுர்றேன்," என்றார். பிறகு தோட்டத்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "அங்கன வெயில்ல நிக்கிறது தம்பியா? உள்ள வரச் சொல்லுங்க."

ஜெபராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.