பன்னிரண்டாவது கரண்டி

அன்புள்ள மனைவிக்கு,

நிலாவெளியில் அக்கா வீட்டில் சுகமாக இருப்பீர் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு வெள்ளிக் கரண்டிகளும் இப்போது அலுமாரியில் ஒன்றாக இருக்கின்றன. துறைமுகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் வீட்டுக் கரண்டிகள் அவை. பதினொன்றைச் சேர்க்க எனக்கு இருபது வருடம் பிடித்தது. மிஞ்சியது சல்லிக் கிராமத்தில் சிவக்கொழுந்திடம் இருந்தது. அவளுடைய தகப்பன் அந்த வீட்டுச் சமையல்காரன்.

"வேற கரண்டியால ஊட்டினா என்ர பிள்ளை வாய் திறக்கமாட்டான். தர ஏலாது, ஐயா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். முப்பது வயதிலும் அவன் குழந்தைதான். மினுக்கித் தருகிறேன் என்று வாங்கிவந்து, அதே அளவில் வேறொன்றைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குக் கண் மங்கல், தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது, வாய் திறக்கவில்லை. காய்ச்சலில்தான் செத்தான் என்று டொக்டர் சொன்னதை நீரும் கேட்டீர்.

செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்து, "கரண்டி மாறிப்போச்சு போல, ஐயா. ஒருக்கா தேடிப் பாருங்கோ. அவனோட வைச்சு அனுப்பவேணும்" என்று அழுதாள்.

"உங்கட கரண்டியைத் தந்திட்டன்தானே" என்றேன்.

நீர் என்னைப் பார்த்தீர். அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டீர்.

நேற்று அவள் நம் வாசலுக்கு வந்தாள். நான் கொடுத்த கரண்டியை நீட்டி, "இனி ஆருக்கு ஊட்ட? நீங்களே வைச்சிருங்கோ" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அவளிடம் நீர் எதுவும் சொல்லவில்லையே? அதை மட்டும் எழுதும்.

இப்படிக்கு,
உம்முடைய கணவன்