அக்கா கடலுக்குப் போகிறாள்

பிப்ரவரி 13, 2025

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. போலீஸ் வேலையிலிருந்து ரிட்டயர்டு ஆகியும் ஒரு பழைய வழிப்பறி வழக்கு என்னை விடுவதாயில்லை. ஜட்ஜ் லீவு. மதியத்துக்குள் செட்டியார்பட்டி திரும்பிவிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது.

அக்கா தனியாக எங்கேயும் போகிற ஆள் இல்லை. என் மனைவி இறந்த வருடம் இந்த வீட்டுக்கு வந்தவள். கல்யாணம், கருமாதி தவிர வாசல் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஈஸ்வரிதான் சாவியைக் கொடுத்தாள். "பெரியம்மா திருக்கடையூர் கோயிலுக்குப் போயிருக்காவ. நாளைக்குத்தான் வருவாவளாம்."

போன மாதம்தான் சொந்தக்காரர் அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லாரோடும் வேனில் அங்கே போய்வந்தாள். மறுபடியும் ஏன்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 14

வந்தாள். "வேண்டுதல்" என்றாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "அது எனக்கும் சாமிக்கும் உள்ளது. ஒனக்கு எதுக்குலே?"

குளிக்கப் போனபோது பையைப் பார்த்தேன். தப்புதான். ஆனால் போலீஸ் புத்தி. சேலை மடிப்பில் மணல். கடல் மணல். புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, அவள் காலுக்கு ஒரு அளவு பெரியது.

கோயிலுக்குள் கடல் ஏது?

பிப்ரவரி 22

போனுக்குப் பூட்டு போட்டிருக்கிறாள். போன வருடம் வரை பச்சை பட்டனை அமுக்கத் தெரியாது என்றவள்!

மார்ச் 2

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் மாரிச்செல்வியிடம் சொன்னேன். "அப்பா, அத்தைய விடுங்க. அவிய என்ன அக்யூஸ்டா?" என்று சிரிக்கிறாள். அவளை வளர்த்ததே அக்காதான். அந்தப் பக்கம்தான் பேசுவாள்.

மார்ச் 8

மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டபடி பேசிக்கொண்டிருந்தாள். படியிலேயே நின்றேன். "பொறவு பேசுதேன். தம்பி வாரான்" என்று கட் செய்துவிட்டாள். அதற்குள் எதிர்முனைக் குரல் கேட்டுவிட்டது. ஆம்பளைக் குரல்.

அத்தான் பட்டாளத்தில் இறந்ததில் வருகிற பென்ஷன் இருக்கிறது. வன்னியம்பட்டியில் அவள் பேரில் தோட்டம் இருக்கிறது. பிள்ளை இல்லை. இப்படி ஒரு ஆளைத்தானே தேடி வருவானுக? எத்தனை புகார் எழுதியிருக்கிறேன், எத்தனை பொம்பளைகள் எனக்கு எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். எங்க அக்காவையா? விடுவேனா நான்?

மார்ச் 15

மறுபடியும் "கோயில்". பஸ் ஏறும்வரை நல்லபடியாகப் பேசி அனுப்பிவைத்தேன். அடுத்த பஸ்ஸில் நான்.

மார்ச் 16, தரங்கம்பாடி

திருக்கடையூருக்குப் பக்கத்தில் கடல் என்றால் இந்த ஊர்தான். சின்ன ஊர். டேனிஷ்காரன் கட்டிய கோட்டை, வெள்ளை வளைவு வாசல், அதற்குள் ஒரு நீளத் தெரு. பழைய வீடுகளையெல்லாம் தங்கும் விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வாடகைச் சைக்கிளில் சுற்றுகிறார்கள். மீன்காரி ஒருத்தி அவர்களிடம் இங்கிலீஷில் விலை பேசுகிறாள். இந்த ஊரில் அக்காவுக்கு என்ன வேலை?

காலையிலேயே கண்ணில் பட்டுவிட்டாள். கோட்டைக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அலை வந்து இடுப்பில் அடிக்க, ஒரு கத்து கத்திவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கரையில் அவள் செருப்புக்குக் காவல்போல ஒரு ஆள். நரைத்த தாடி, அரைக்கைச் சட்டை. கரையேறியதும் துண்டு கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் அந்த நீளத் தெருவில் மஞ்சள் சுவர் வீட்டுக்குள் போனார்கள். வாசலில் நின்று ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

சாவிக்கொத்து!

எதிர் வேப்பமரத்தடியில் வெயில் இறங்கும்வரை நின்றேன். பக்கத்தில் விசாரித்தேன். தேவநேசன். கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். மனைவி இல்லை. வேதக்காரன் வேறு, சர்ச்சுக்குப் போகிறவன்.

மயிலாடுதுறையில் செட்டில் ஆன ராஜரத்தினத்துக்குப் போன் போட்டேன். என்னோடு டிரெயினிங் எடுத்தவன். "இந்த ஆள் மேல எதுவும் இருக்கான்னு விசாரி" என்று மட்டும் சொன்னேன். அக்கா பேச்சை எடுக்கவில்லை. எப்படி எடுக்க?

மார்ச் 17

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ராஜரத்தினம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்தான். "பாண்டி, ஒன் சந்தேகம் சரிதான். ஆள்தான் மாறிப்போச்சு" என்றான்.

"என்ன சொல்ற?"

"அந்தாளு தங்கமான மனுஷன். ஸ்டேஷன்ல மனு குடுத்திருக்கிறது அவரு மகன். சென்னையில இருக்கானாம், பேரு பிரின்ஸ். வீட்டை ரிசார்ட்டுக்காரங்களுக்கு விக்கலாம்னு பாத்திருக்கான், அப்பா மாட்டேன்னுட்டாரு. காரணம் ஒரு பொம்பளையாம். அடிக்கடி வந்து போறாளாம். கிழவனை மயக்கி வீட்டை எழுதி வாங்கப் பாக்குறாளாம். பலே கைகாரின்னு எழுதியிருக்கான்."

"யாரு அவ?"

"ஒங்க ராஜபாளையம் பக்கம்தான்யா. ஒனக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு—"

"வாயைக் கழுவுடா!"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ என் வேட்டியெல்லாம். ராஜரத்தினம் மிரண்டு போனான். "அது எங்க அக்காடா" என்றேன்.

எங்க அக்கா கைகாரியா? ஒரு முழம் பூ வாங்கக்கூட என்னைக் கேட்டுட்டு வாங்குறவளா கைகாரி? எவன்லே எழுதினது? அவளைப் பாத்திருக்கானா அவன்?

— நான் அந்த ஆளைப் பற்றி மனதுக்குள் எழுதியதும் இதே மனுதானே. நானும் அவனைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

நேரே அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். பதறவில்லை.

"வா. நேத்தே பாத்துட்டேன். வேப்பமரத்தடியில வெறச்சுக்கிட்டு நின்ன. போலீஸு நிக்கிறது இந்தத் தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. சாப்ட்டியா?"

"எக்கா, யாரு இவரு?"

அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த அன்று வேன்காரர்கள் பிள்ளைகளுக்குக் கோட்டை காட்ட இங்கே நிறுத்தினார்களாம். அவள் கடலில் கால் நனைத்தபோது செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. வெயிலில் நின்றவளுக்கு இவர் தெருக் கடையில் ஒரு ஜோடி வாங்கிவந்து கொடுத்தார். அங்கே ஆரம்பித்த பேச்சு. அப்புறம் போன். இவர் வீட்டில் ஐந்து அறை வாடகைக்கு விடுகிறார். கண் மங்கிவிட்டதால் கணக்கும் சாவியும் பார்க்க ஆள் வேண்டுமாம். அவளைக் கேட்டிருக்கிறார்.

"வேலை மட்டும்தானா?"

"கல்யாணம் பண்ணிக்கிடலாமான்னும் கேக்காரு. நான் இன்னும் சொல்லல."

"அறுபத்திமூணு வயசுலயா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றது எனக்குத் தெரியும். தம்பி, நான் வாக்கப்பட்டதும் கேக்காம நடந்துச்சு, ஒன் வீட்டுக்கு வந்ததும் கேக்காம நடந்துச்சு. இவருதான் மொதமொதல்ல, 'நீங்க என்ன நெனைக்கிறீங்க'ன்னு கேக்காரு. அந்தக் கேள்விய வச்சுக்கிட்டு நான் செத்த நேரம் இருந்துக்கிடுதேன். அவசரப்படுத்தாத."

தேவநேசன் உள்ளேயிருந்து தட்டுத் தடுமாறி வந்து, "சார், மீன் சாப்பிடுவீங்களா?" என்றார். வெறுப்போடுதான் உட்கார்ந்தேன். அக்கா கை மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டேன்.

மனு விஷயத்தையும் சொன்னேன். அக்கா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மார்ச் 19

ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் முதல்முறை. சின்ன வயது எஸ்.ஐ., மரியாதையாகத்தான் கேட்டார்.

பிரின்ஸ் அக்காவைப் பார்க்காமலே பேசினான். "இந்தம்மா யாருன்னே தெரியாது சார். எங்க அம்மா வாழ்ந்த வீடு அது." கோபத்துக்குள் அழுகை இருந்தது. எனக்கு அது தெரிந்தது. அதனாலேயே மேலும் எரிச்சல். எழுந்துவிட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அய்யா, ஒங்க வீடு எனக்கு வேண்டாம். எதுல கையெழுத்து போடணுமோ போடுதேன். நான் கடலுக்கு வந்தவ. ஒங்க அம்மா படம் கூடத்துல இருக்கு. அதை எடுக்கச் சொல்லி நான் எப்பவாவது கேட்டேனா, ஒங்க அப்பாட்ட கேளுங்க."

தேவநேசன் மகன் இருந்த திசையைத் தோராயமாகப் பார்த்து, "இவங்க வந்த நாள்லல்லாம் அந்தப் படத்துக்குப் பூ வெச்சது யாருன்னு நினைச்சடா?" என்றார்.

பிரின்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மனுவை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் வெளியே வந்து நின்றபோது அப்பாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினான்.

மார்ச் 20

சாவியும் கணக்கும் பார்க்க அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் பஸ் ஏறினேன். இன்னும் முழு நம்பிக்கை இல்லை. எழுதுகிறவனுக்கு உண்மை எழுதுவதில் என்ன வெட்கம்?

ஏப்ரல் 6

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல.

ஏப்ரல் 27

வன்னியம்பட்டி சித்தப்பா வீட்டுப் பக்கம் விஷயம் எட்டிவிட்டது. "போலீஸ்காரன் வீட்டுப் பொம்பளைக்கு இது தேவையா" என்று முகத்துக்கு நேரே கேட்டார். "தேவைதான் போல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் சொன்னேன்?

மே 18

பிரின்ஸ் மனுவை வாபஸ் வாங்கிவிட்டானாம். பிள்ளைகளை லீவுக்கு அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறான். அக்கா போனில் சொன்னாள். பிறகு கேட்டாள்: "நான் சரின்னு சொல்லலாம்னு இருக்கேன். நீ என்ன நெனைக்க?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்க?"

"ஒத்துக்கிடணும்னு கேக்கல. என்ன நெனைக்கேன்னு கேக்கேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 10, தரங்கம்பாடி

காலையில் பதிவு அலுவலகம் போனோம். மாரிச்செல்வி நேற்றே வந்துவிட்டாள். அக்காவுக்கு நீலச் சேலை எடுத்து வந்திருந்தாள். அக்கா கூச்சப்பட்டுக் கட்டிக்கொண்டாள். ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. பிரின்ஸ் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். சிரிக்கவில்லை, ஆனால் நின்றான்.

உள்ளேயிருந்து ஒரு அலுவலர் எட்டிப் பார்த்து, "பொண்ணு வீட்டுக்காரங்க யாரு, முன்னால வாங்க" என்றார்.

யாரோ சொல்லட்டும் என்பதுபோல அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.