நலம் என்று எழுதாதே

நெல்லியாளம்,
ஞாயிறு காலை.

பனிமலையில் காவல் நிற்கும் என் செல்வமே, சசிதரா! உன் தோழர்கள் அருகில் இருந்தால் அவர்களும் கேட்கட்டும். படைவீரர்களாகிய உங்கள் அனைவர் மீதும் எனக்கொரு மனக்குறை உண்டு. ‘நலம்’ என்ற சொல்லை நீங்கள் கேடயம்போல் தூக்கிப் பிடிக்கிறீர்கள். சென்ற மடலில் நீ அதை மூன்று இடங்களில் எழுதியிருந்தாய். ஓரிடத்திலும் நான் நம்பவில்லை. ஆதலால் எங்கள் நிலையை உள்ளபடியே சொல்லித் தொடங்குகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. ஆனாலும் இனிப்பில்லாத தேநீர் தொண்டையில் இறங்காது என்று அடம்பிடிக்கிறார். உன் தங்கை சரிதா உன் அறையைத் தன் புத்தகங்களால் கைப்பற்றிவிட்டாள். மீட்க வேண்டுமானால் நீ படையோடுதான் வரவேண்டும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அது நம் தொகுதிக்காகச் சட்டப்பேரவையில் பேசியதற்குக் கிடைத்த பரிசு.

சேரம்பாடியில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவர் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க விடியுமுன் பேருந்து ஏறி, கூடலூரிலும் ஊட்டியிலும் மாறி, வெலிங்டன் படை மருத்துவமனை வரை போய்வர வேண்டியிருக்கிறதே, நாட்டின் எல்லையைக் காத்தவருக்கு நாம் காட்டும் நன்றி இதுதானா என்று கேட்டேன். அமைச்சர் மனமிரங்கினார். மருத்துவ ஊர்தியை முதலில் ஒரு நாள் அனுப்புவோம், தேவை இருப்பது தெரிந்தால் மாதந்தோறும் வரும் என்றார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன், மகனே. என் வெற்றியை உன் போன்றவர்களே ஒரு முற்பகலில் கவிழ்க்கப் பார்த்தார்கள்!

ஊர்தி சேரம்பாடிக்கு வந்தது. மருத்துவர் பிரைட்டன் வந்தார். அவர் ஓய்வுபெற்ற கர்னல். அதுதான் வினையாயிற்று. நம் முன்னாள் வீரர்கள் மீசையை முறுக்கி, சட்டையைத் தேய்த்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் உடம்பு எப்படி என்று கேட்க, ஒவ்வொருவரும் விறைத்து நின்று, “நல்லா இருக்கேன் சார்!” என்று முழங்கிவிட்டு நகர்ந்தார்கள். நண்பகலில் மருத்துவர் என்னிடம் வந்து, இங்கே நோயாளிகளே இல்லையே அம்மா, இந்த ஊர்தியை வேறு மலைக்கு அனுப்பச் சொல்லட்டுமா என்றார். பேரவையே அதிரப் பேசிய நான், சற்றுப் பொறுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன்.

அப்போதுதான் மாரியாயி வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கணவர் முனியசாமியை அழைத்துப் போக வந்தவள். பீரங்கிப் படையில் இருந்தவர் அவர். “ஏனுங்க டாக்டரு, இவரு நல்லாருக்கேன்னாருங்களா? காலையில கட்டில உட்டு எந்திரிக்க எந்தோளப் புடிச்ச மனுசன்ங்க இது! வலது காது சுத்தமாக் கேக்காதுங்க. நாங் கத்துற கத்துல பக்கத்து லைன் ஊட்டுக்காரங்களுக்குத்தான் காது போச்சு” என்றாள். கூட்டம் சிரித்தது. முனியசாமி விறைப்புக் கலையாமல், “சும்மா இரு புள்ள, ஆபீசர் நிக்கறாரு” என்றார். அவள் விடவில்லை. “ஆபீசரு சாயங்காலம் வண்டியேறிப் போயிருவாரு. உங்க முழங்காலு எங்கூடத்தான ஊட்டுக்கு வரும்!”

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, பதக்கங்களைக் கழற்றிவிட்டு எல்லாரும் மீண்டும் வரட்டும், மனைவிமாரோடு வரட்டும், முதலில் அவர்கள் பேசட்டும் என்றார். இருட்டும் வரை ஊர்தி நகரவில்லை. இனி மாதந்தோறும் சேரம்பாடிக்கு வரும். ஆணை கைக்கு வந்துவிட்டது.

ஆனால் கண்ணே, இம்மடல் அந்த வெற்றியைச் சொல்வதற்கன்று. மாரியாயி பேசும்போது முனியசாமி தலையை ஒருபுறம் சாய்த்து, இடக் காதை அவள் பக்கம் திருப்பினார். சென்ற மாதம் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினோமே, நீயும் அப்படியேதான் சாய்த்தாய். சரிதா சொன்னதையே ‘என்ன, என்ன’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். சுடுபயிற்சியில் அருகில் வெடித்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னவன், அதன்பின் அப்பேச்சையே எடுக்கவில்லை. வீரம் எதிரியிடம் காட்டுவதற்கு, மருத்துவரிடம் மறைப்பதற்கன்று. பணியில் இருக்கும்போது பதியாத காயத்தைப் பின்னாளில் மெய்ப்பிக்க முதியவர்கள் படும் பாட்டை நான் நாள்தோறும் காண்கிறேன். பிறர் மைந்தருக்காகப் பேரவையில் முழங்கும் இந்தத் தாய், தன் மைந்தனுக்காகவும் ஒருநாள் அங்கே முழங்கும்படி வைத்துவிடாதே.

நீடு வாழ்க, என் செல்வமே. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், ஈரத்தோடு அணியாதே. அப்பாவின் வாழ்த்தும் தங்கையின் அன்பும் இதனோடு வருகின்றன. இம்மடலை மடிக்கும் முன் எழுந்திரு. உன் படைப்பிரிவு மருத்துவரிடம் செல். வலக் காது கேட்கவில்லை என்று வாய்திறந்து சொல், பதியச் சொல். மறுமொழி அதற்குப் பிறகு எழுதலாம். இப்போதே போ!

உன் அம்மா,
இந்துமதி