பொன்கோயிலும் போன கப்பலும்

மச்சான்,

இன்று காலை பர்மாக் கரைப் பெகுவிலிருந்து வந்த கப்பல் சரக்கு இறக்கியது. உலாந்தா வெள்ளைக்காரரின் கோட்டை வாசலில் தேக்குக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரத் தேக்கின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல் கோபம் வந்துவிட்டது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, செத்தவன்மேல் கோபப்படலாமா என்று உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி, கேட்கிறாள். அவள் கேட்பாள். உன்னோடு கோயில் பார்க்கப் போனது அவளா, நானா?

நீ பாய்மரம் ஏறுகிறவனாகவும், நான் துணிமூட்டைகளில் அடையாளம் எழுதுகிறவனாகவும் பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரே கப்பலில் பெகுவுக்குப் போனோம். உன் தங்கச்சிக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. பிரசவத்துக்குள் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.

சிரியம் துறையில் சரக்கெல்லாம் விற்று முடிந்தது. மறுநாள் மதியம் ஆற்றில் ஏறிய கடல்நீர் வற்றத் தொடங்கியதும் புறப்படுவோம், யாருக்காகவும் நிற்க மாட்டோம் என்று கப்பல் தலைவன் சொல்லிவிட்டான். அந்த வாடைக் காற்றுக்கு ஊர் திரும்பும் கடைசிக் கப்பல் அது. நீ அக்கரையில் மின்னிய பொன்கோயிலைக் காட்டினாய். "இம்மாந்தூரம் வந்துட்டு அத்தப் பாக்காம போனா ஊர்ல இன்னா சொல்றது? காலைல போய்ட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம் வா" என்றாய். ஒரு சுத்து. அதை நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

படி ஏறவே உனக்கு ஒரு நாழிகை ஆனது. பூக்காரியிடம் நின்றாய். மெழுகுவர்த்திக்காரனிடம் நின்றாய். தங்க ரேக்கு ஒட்டுகிறவர்களை வாயைப் பிளந்து பார்த்தாய். பெரிய மணியைக் கண்டதும் அடிக்காமல் வர மாட்டேன் என்றாய். நான் மேல் படியில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரையோரச் சேறு எப்போது தெரியத் தொடங்கும் என்பதுதான் என் கவலை.

பிறகு அங்கே கடை வைத்திருந்த நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பிடித்தாய். கோயிலைச் சுற்றி எட்டு மூலையில் எட்டுப் புத்தர் சிலைகள், கிழமைக்கு ஒன்று, புதனுக்கு மட்டும் காலைக்கும் மாலைக்கும் தனித்தனி, அவரவர் பிறந்த கிழமைச் சிலைக்கு நீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னார். அதோடு முடிந்தது என் கதை.

"மச்சான், தங்கச்சி வயித்துல கீறது எந்தக் கெழமைல பொறக்கும்?"

"அது எப்டித் தெரியும்? கெளம்பு மொதல்ல."

"தெரியாதில்ல? அப்போ எட்டுலயும் ஊத்திடணும்."

அன்று ஏதோ நல்ல நாள். ஒவ்வொரு சிலைக்கும் வரிசை. நான்காவதில் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை. "ரெண்டு போயிடுச்சுடா. இது நிக்கணும்" என்று மட்டும் சொன்னாய். உன்னை விட்டுவிட்டு நான் ஓடியிருக்கலாம். ஊரில் போய் உன் தங்கச்சியிடம் என்ன சொல்வேன்? அங்கேயே நின்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நாம் ஆற்றங்கரைக்கு வந்தபோது கப்பல் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. நீ கையை அசைத்துக் கூப்பிட்டாய். ஏதோ மாட்டுவண்டியைக் கூப்பிடுவது போல.

அடுத்த வாடைக் காற்று வரும்வரை பத்து மாதம் மர வாடியில் தேக்கு இழுத்தோம். முதல் மூன்று மாதம் உன்னோடு நான் பேசவில்லை. நீ பேசிக்கொண்டேதான் இருந்தாய்.

கப்பல்காரர்கள் ஊரில் வந்து, இரண்டு பேரும் மொட்டை அடித்துக்கொண்டு அங்கேயே சாமியாராகிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கோட்டைக்குப்பம் கரையில் இறங்கியதும் உன் தங்கச்சி முதலில் என் தலைமுடியைத்தான் பார்த்தாள். இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நீயோ, "இன்னா கெழமைல பொறந்துது?" என்று கேட்டாய்.

"செவ்வா. அதுக்கு இன்னா இப்போ?"

"ஊத்தியாச்சு" என்றாய், ஏதோ வீட்டுச் சாமான் ஒன்று மறக்காமல் வாங்கி வந்தவன் போல. எல்லோர் எதிரிலும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாய். உன்னிடம் அது அழவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். அதையாவது நிதானமாகச் செய்திருக்கலாம்.

போன வாரம் நான் வலை பின்னிக்கொண்டிருந்தபோது உன் மருமகள், அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதாகிறது. "நைனா, அந்தப் பொன்கோயிலு எப்டி இருக்கும்? மாமா மாதிரி சொல்லேன்" என்றாள். நானும் போனவன்தானே என்று தொடங்கினேன். யோசித்துப் பார்த்தால் சேறும் தண்ணீரும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பொழுது முழுக்க நான் பார்த்தது ஆற்றைத்தான். நீ ஊரெல்லாம் அளந்த கதையை எத்தனை முறை எரிச்சலோடு கேட்டிருப்பேன். வேறு வழியில்லாமல் அதையே எடுத்துச் சொன்னேன். வெயில் படும்போது தரை பொன்னாய் மின்னுவதை, கிழவிகள் சிலைகளின் முகம் துடைப்பதை, எல்லாவற்றையும் உன் வார்த்தையிலேயே.

அவள் பாதியில் நிறுத்தினாள். "உச்சியில கீற சின்ன மணிங்கள வுட்டுட்டியே. காத்துல அதுங்க பேசிக்கும்னு மாமா சொல்வாரு."

அந்த மணிச் சத்தம் என் காதில் விழவே இல்லை, மச்சான். இருந்தாலும் தினமும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.