அடுப்பில்லாதவர்கள் பாத்தி

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படிக் கேட்கக் கை வரவில்லை. அம்மாவின் குரலே சரியில்லை, எதையோ மறைக்கிறீர்கள், இந்த மாதத்தோடு நர்ஸிங் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். எல்லாம் பழையபடிதான் இருக்கிறது என்று பதில் எழுதச் சொன்னாள் அம்மா. போனில் எனக்கு வாய் திறக்காது, உனக்குத் தெரியும். அதனால் கடிதம்.

பழையபடி இல்லை அக்கா. அம்மா வேலை பார்த்த சலவைக்கடையை மூடிவிட்டார்கள். அம்மா இப்போது இரண்டு ஆபீஸ்களில் மாடிப்படி துடைக்கிறாள். வீட்டையும் விட்டுவிட்டோம், உன் கடிதத்தைப் பழைய வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். மெத்தைக் கிடங்கு ஒன்றின் மாடியில் ஓர் அறை. கீழே கூரை வரை பஞ்சும் ஸ்பாஞ்சும் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரு தீக்குச்சிகூடக் கொளுத்தக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார் கிடங்குக்காரர். காலையில் அங்கேயே மெத்தை உறை தைக்கிறேன். ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறோம். மீதி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னால்தான் நீ படிப்பை விடமாட்டாய். அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

கிடங்குக்கு எதிர்த் தெருவில் ஒரு சர்ச். அதன் பின்பக்கம் முழுவதும் காய்கறித் தோட்டம். யார் வேண்டுமானாலும் போகலாம். ஒரு மணி நேரம் வேலை செய்ய வேண்டும், போகும்போது ஒரு பை காய். இல்லாதவர்கள் மட்டுமல்ல, போதகர் ஐயாவும் பை தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். காரில் வருகிற பல் டாக்டரும் அப்படித்தான். மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தால் யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதை யார் யோசித்தார்களோ, அவர்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

யோசித்தது கண்டக்டரம்மாதான். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். கழுத்தில் இன்னமும் விசில். பாத்திகளுக்கு நடுவில் நாங்கள் நின்று பேசினால், "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத" என்பார். போதகர் ஐயா களையை விட்டுவிட்டு நாற்றைப் பிடுங்கிவிடுவார் என்பதால் அவருக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை மட்டும்தான். அவரும் நல்ல பிள்ளையாகச் சுமப்பார். சபையில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள், தோட்டத்தில் அவர் கண்டக்டரம்மாவுக்குப் பயப்படுவார்.

முதல் நாள் கண்டக்டரம்மா என்னிடம், கத்தரிக்காய் சமைப்பீர்கள்தானே என்று கேட்டார். பின்னால் வரிசை நின்றது. அடுப்பு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். ஒரு தடவை ஆட்டினால் அப்புறம் மாற்ற முடியுமா? தக்காளி கொஞ்சம், கத்தரிக்காய் நிறைய என்று வாரா வாரம் பை நிறையக் கொடுப்பார். தக்காளியைத் தின்போம். கத்தரிக்காயை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால், ஏன் வேண்டாம் என்று கேட்பார்களே. தூக்கிப் போடவும் அம்மாவுக்கு மனசு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அறையில் ஒரு வாடை. ஸ்பாஞ்சு வாடை என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார்கள். கத்தரி நன்றாகக் காய்த்ததால், அடுத்த நடவில் பின்பக்கம் முழுவதும் அதையே போட்டுவிடலாம் என்று பேச்சு. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கட்டிலின் அடிப்பக்கம்தான் கண்ணில் வந்தது. என் கை எப்படி மேலே போனது என்று இன்றுவரை தெரியவில்லை அக்கா. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தபோதுகூடத் தூக்காத கை.

யார் அது பின் சீட்டில் கை தூக்குவது என்று கண்டக்டரம்மா கேட்டார். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. உடனே விசில் ஊதி எல்லோரையும் அடக்கிவிட்டு, இன்னொரு தடவை சொல் என்றார். அந்த இரண்டாவது தடவைதான் உயிர் போயிற்று.

"எங்க வீட்ல அடுப்பு இல்ல."

"அப்ப இத்தன நாள் வாங்கிட்டுப் போன கத்தரிக்காய என்ன பண்ண?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு."

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன். அப்போது வாட்ச் ரிப்பேர்க்காரர் எழுந்தார். கடையிலேயே படுத்துக்கொள்கிற மனிதர் அவர். "எனக்கும் அடுப்பு கிடையாது. எங்கிட்ட மூணு பூசணிக்கா இருக்கு. ஒண்ணு மேலதான் உக்காந்து வேல பாக்குறேன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். அதன்பின் ஒரு அக்கா, தன் வீட்டில் அடுப்பு இருக்கிறது, கேஸ்தான் இல்லை என்றார். ஒரு தாத்தா, காரட் அருமைதான், கடிக்கப் பல் வேண்டாமா என்றார். பல் டாக்டர் தலை குனிந்து சிரித்தார்.

கண்டக்டரம்மா மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. மறுநாள் போனபோது ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். "இது அடுப்பில்லாதவங்க பாத்தி. வெள்ளரி, தக்காளி, காரட், முள்ளங்கி. பறிச்சு, கழுவி, அப்படியே திங்கறது. அந்தப் பக்கம் பல்லில்லாதவங்க பாத்தி. கத்தரி மிச்ச இடத்துல." அவ்வளவுதான். அன்றிலிருந்து தோட்டத்து வாசலில் அவர் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. சமைப்பீர்களா என்று கேட்பதில்லை. எந்தப் பாத்தி என்றுதான் கேட்கிறார். போதகர் ஐயா தினமும், அடுப்பில்லாதவங்க பாத்தி, என்று உரக்கச் சொல்லி ஒரு வெள்ளரிக்காயை அங்கேயே நின்று கடிப்பார். அவர் வீட்டில் அடுப்பு இருக்கிறது. எதற்காகக் கடிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. அந்த ஞாயிற்றுக்கிழமை என் பின்னால்தான் நின்றாள். வரும் வழியில், "மானத்த வாங்கிட்ட" என்றாள். இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். பதறிப்போய்த் தேடிக்கொண்டு ஓடினேன். அடுப்பில்லாதவர்கள் பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெள்ளரிக் கொடிகளைக் குச்சியோடு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதற்குச் சலவைக்கடை ஏப்ரனைக் கீற்றாகக் கிழித்து வைத்திருந்தாள். அதைத் துவைத்து மடித்து எப்படிப் பாதுகாத்தாள் என்று உனக்கே தெரியும். என்னைப் பார்த்ததும், "என்ன வேடிக்க, அந்த நுனியப் பிடி" என்றாள். பிடித்தேன். எனக்கு அழுகை வந்தது, கொடியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அத்தனை பேர் முன்னால் சொன்னதை உன்னிடம் மட்டும் மறைப்பது எப்படி? அதனால்தான் அம்மா சொன்னபடி எழுதவில்லை. நாங்கள் பசியாக இல்லை அக்கா, இது சத்தியம். நான் படிப்பை விட்டபோது, ஒருத்தியாவது முடிக்க வேண்டும் என்று நீதானே அழுதாய். முடி. கடைசிப் பரீட்சை எழுதாமல் இங்கே வராதே.

எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இப்போதே வந்தால் படுக்க இடம் இல்லை என்று சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டால் கீழே இரண்டு பேர் நன்றாகப் படுக்கலாம். நேற்று படுத்துப் பார்த்தேன். கத்தரிக்காய் இருந்த இடத்தைக் கழுவி விட்டாயிற்று, உன் பெட்டி அங்கே சரியாகப் போகும். இது அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் பரீட்சை எழுதிவிட்டே வா.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பதிலுக்காகக் கிடங்கு வாசலில் நிற்கும்
உன் தங்கை