சிவப்பு எரிந்தால் ஓடும்

நேற்று விழுப்புரம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ரயிலை அவுட்டரில் நிறுத்திவிட்டார்கள். சிக்னலில் சிவப்பு. பெட்டியில் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள்; நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த அம்மாள் தன் பையை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டார். அவரிடம் என்னத்தைச் சொல்வது? நீயும் கூட இருந்து சிரித்திருந்தால் அவர் வேறு இடம் பார்த்துப் போயிருப்பார்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் நடந்த என் தங்கை விஜயாவின் கல்யாணம்தான் நீ வீடியோ எடுத்த முதல் கல்யாணம். அதற்குமுன் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். அதில் உனக்கு மனசு ஒட்டவில்லை. "போட்டோல எல்லாரும் மூச்ச புடிச்சிக்கினு நிக்கறாங்கடா. அவங்க மூச்சு வுடறத யாரு புடிக்கிறது?" என்பாய். படியில் மல்லாட்டைக் கடலை அளக்கும் பெண்ணின் கையை, ஓடிப்போய் பஸ் பிடிப்பவரின் வேட்டியை, விரல்களால் கட்டம் கட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பாய். உன்னோடு கடைத்தெருவுக்குப் போவதே பெரிய பேஜார்.

உன் அப்பாவுக்கு விழுப்புரத்தில் ரயில்வே சிக்னல் வேலை. உனக்கும் அங்கேயே சொல்லி வைத்துவிட்டு, ஒரு கெடு கொடுத்தார். இந்தக் கல்யாண வீடியோ நன்றாக வந்தால் உன் வழியில் விட்டுவிடுவார். வராவிட்டால் மறுவாரமே ரயில்வேயில் சேர வேண்டும். என் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது என் பாடு. "தாலி கட்றத சாமி பாத்தா போதாதா? டிவி பொட்டி வேற பாக்கணுமா?" என்றார் அவர். ஒலக்கூர் பக்கத்தில் கேப்பை விதைக்கிறவர். சிரிப்பதைக்கூட வீண்செலவாக நினைப்பவர். ஒரு வாரம் விடாமல் நச்சரித்த பிறகு தலையாட்டினார்.

உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமரா முந்தின நாள் சாயங்காலம்தான் உன் கைக்கு வந்தது. கூட வந்த புத்தகம் ஜப்பான் பாஷையில் இருந்தது. லைட் பிடிக்க ஆள் இல்லை என்று பெண்ணின் அண்ணனான என்னையே நிறுத்திவிட்டாய். பட்டு வேட்டியோடு அந்தச் சூட்டில் நான் வெந்தேன். "தம்பி, லைட்ட கொஞ்சம் அந்தாண்ட திருப்புப்பா, ஒண்ணும் தெரியல" என்று நாதஸ்வரக்காரர் கெஞ்சினார்.

கல்யாணத்துக்கு மறுநாள் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தோம். சம்பந்தி வீட்டார் வந்தார்கள், உன் அப்பாவும் வந்தார். டேப் ஓடியது. முதலில் வந்தது உன் செருப்பு. அடுத்து மண்டபத்துத் தரை, அப்புறம் தலைகீழாக ஒரு பாயச வாளி. ஒரு குரல் "கெட்டிமேளம்" என்று தொடங்கியது, முடிவதற்குள் அறுந்துபோய் ஒரு தூணும் வாழைத்தாரும் வந்தன. தாலி கட்டியதைக் காணவே காணோம்.

நீ என் முழங்கையைப் பிடித்தாய். "டேய், உள்ள சிவப்பு எரிஞ்சா நின்னுபோச்சுனு நெனச்சிக்கினேன்டா" என்றாய்.

கேமராவுக்குள் கண்ணை வைத்தால் தெரியும் அந்தச் சின்னச் சிவப்பு, படம் பதிவாகிறது என்பதற்கு அடையாளம். சிக்னல்காரர் மகனுக்கோ சிவப்பு என்றால் வண்டி நிற்க வேண்டும். ஆகவே நீ உயிரைக் கொடுத்து எடுத்தது எதுவும் பதிவாகவில்லை. எடுத்து முடித்ததாக நினைத்துக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததெல்லாம் பதிவாகியிருந்தது.

என் அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் அப்படிக் கட்டினால் யாருக்கோ அடி விழும். அந்த நேரம் பார்த்துத் திரையில் அவரே வந்தார்.

கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நிற்கிறார். நீ ஜன்னலில் வைத்துவிட்டுப் போன கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. துண்டை இந்தத் தோளில் போட்டுப் பார்க்கிறார், அந்தத் தோளில் போட்டுப் பார்க்கிறார். பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்க்கிறார். பக்கத்தில் வந்த அம்மாவிடம், "ஏம்மே, வீடியோல நல்லா இருப்பனா?" என்கிறார்.

"இன்னிக்கி இன்னா புதுசா இந்த இளிப்பு?"

"நான் மூஞ்சிய தூக்கிக்கினு நின்னா பாப்பா அழுதுரும்மே. அது சிரிச்சிக்கினு போவட்டும்."

அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிடுகிறாள்.

விஜயா எழுந்துபோய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "அத்த இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார். நாலு வாட்டி போட்டோம். நாலாவது தடவை சம்பந்தி அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

உன் அப்பா மட்டும் உம்மென்று இருந்தார். என் அப்பா அவர் பக்கத்தில் போய், "ஐயா, இவன ரயிலுக்கு மட்டும் அனுப்பாதீங்க. இனிமே சிவப்புலயும் வண்டிய வுட்டுடுவான்" என்றார். "தப்பு எம்மேலதாங்க. சிவப்புனா நிக்கும்னு சொல்லிக் குடுத்தவனே நான்தான்" என்றார் உன் அப்பா. சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அன்றைக்குத்தான்டா நீ வீடியோக்காரன் ஆனாய்.

பிறகு வல்லம், பனமலை என்று எத்தனை கல்யாணம். தாலி கட்டுவதை நீ ஒருநாளும் தவறவிட்டதில்லை. எல்லாம் முடிந்து பந்திக்குப் போன பிறகும் கேமராவை அணைக்க மாட்டாய். "கொஞ்சம் ஓடட்டும்டா" என்பாய். பசியில் லைட்டோடு நின்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டும் எத்தனை வீட்டு டேப்பில் இருக்கிறதோ.

அப்பா இல்லை, அம்மா இல்லை. விஜயா அந்த டேப்பைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறாள். உன் முகம் அதில் எங்கேயும் இல்லை. முதலில் வரும் செருப்பை நிறுத்தி, "இவருதான் வீடியோ எடுத்த தாத்தா" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறாள்.

எனக்கோ சிவப்பைப் பார்த்தால் நீ எங்கிருந்தோ எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. நேற்றும் அப்படித்தான். அவுட்டரில் அது பச்சையாகும் வரைக்கும், துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, பல்லைக் காட்டிச் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.